பழைய கார் வாங்கப் போகிறீர்களா? நாட்டுக்கு நாடு சொல்லும் கிண்டலை வைத்தே காரைச் சோதிப்பது எப்படி

ஜெர்மன் காரில் ஒரு பல்பை மாற்ற பம்பரையே கழற்ற வேண்டும். இத்தாலிக் கார் அழகாக நிற்கும், அடிக்கடி நிற்கும். பிரிட்டிஷ் காருக்கு அடியில் எண்ணெய் சொட்டவில்லையா, அப்படியானால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது. பிரெஞ்சுக் காரில் ஹாரன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் முன்னால் போன லாரி வீடு போய்ச் சேர்ந்துவிடும். ஜப்பான் கார் ஓட்டுகிறவருக்குத் தன் மெக்கானிக்கின் பெயர் மறந்துபோயிருக்கும். சுவீடன் கார் மரத்தில் மோதினால் அடி மரத்துக்குத்தான்.

சிங்கப்பூரின் சின் மிங்கில் எங்கள் ஒர்க்‌ஷாப் பக்கத்துக் காப்பிக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் இத்தனையும் காதில் விழுந்துவிடும். தவ்கேக்கள் எனும் கடை முதலாளிகள், மெக்கானிக்குகள், கார் புரோக்கர்கள், டாக்சிக்காரர்கள் எல்லாருக்கும் இது மனப்பாடம். பழைய கார் தேடும் நம் ஆட்களும் இதைக் கேட்டுவிட்டு வந்து, "அண்ணே, ஜெர்மன் கார் வாங்கலாமா, தலைவலியா?" என்பார்கள். சிலர் கிண்டலை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நல்ல காரைக் கைவிடுகிறார்கள். வேறு சிலர் எல்லாம் வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிட்டு, எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டு பேருக்குமே பணம் போகிறது.

என் அனுபவத்தில் இந்தக் கிண்டல்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்த நாட்டுச் சாலை, அந்த நாட்டு வரி, அந்த நாட்டு வானிலை, இந்த மூன்றில் ஒன்றில்தான் அது பிறந்திருக்கும். எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டால் காரில் எந்த இடத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரே கார், இரண்டு நாட்டுக் குணம்

முதலில் ஒரு பழைய காரின் கதை. 1966-ல் இத்தாலியில் ஃபியட் 124 வெளிவந்தது. லேசான உடம்பு, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அதைத் தயாரிக்கும் உரிமையை சோவியத் யூனியன் வாங்கி, வோல்கா நதிக்கரையில் தொல்யாத்தி நகரில் ஆலை கட்டி, 1970-ல் தன் சாலைகளில் ஓடவிட்டது. அப்படியே ஓடவிடவில்லை. சேறும் கல்லும் பின் டிஸ்க் பிரேக்கைத் தின்றுவிடும் என்று டிரம் பிரேக் போட்டார்கள். தகட்டைத் தடிமனாக்கினார்கள், காரைத் தரையிலிருந்து உயர்த்தினார்கள். உறைபனியில் பேட்டரி செத்துப்போனால் கம்பியால் சுற்றி ஸ்டார்ட் செய்யவும் வழி வைத்தார்கள். அதுதான் பிறகு லாடா என்று பல நாடுகளுக்குப் போனது. இத்தாலியில் "நளினம், ஆனால் துரு" என்று பேசப்பட்ட அதே உடம்பு, ரஷ்யாவில் "முரடு, ஆனால் சாகாது" என்று பேசப்பட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று வேண்டுமா? அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் அது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 வரை செய்தார்கள். மதுரையில் இறங்கி, டிக்கி நிறைய பெட்டியோடும் மடியில் ஒரு பிள்ளையோடும் அதில் ஊர்போய்ச் சேர்ந்த யாரும் அதை வெள்ளைக்காரன் கார் என்று சொல்லமாட்டார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. காரின் குணம் சாலையிலிருந்தும் சட்டத்திலிருந்தும் வருகிறது, ரத்தத்திலிருந்து வருவதில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சீனர், மலாய்க்காரர், பங்களாதேஷி, தமிழர் எல்லாரும் ஒரே லிஃப்ட்டுக்கு அடியில் நின்று வேலை செய்கிறோம். காரைப் பற்றிய கிண்டல் அந்த நாட்டு மனிதர்களைப் பற்றிய கிண்டலாகத் திரும்பும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். காரைக் கிண்டல் பண்ணினால் எந்தப் பாகம் கெடும் என்றாவது தெரியவரும். மனிதரைக் கிண்டல் பண்ணினால் அதுவும் தெரியாது.

சிங்கப்பூர் காருக்கு என்ன செய்கிறது

கிண்டலைக் கேட்டதும் அந்த நாட்டை எடைபோட்டால் போதாது, நம் ஊரையும் எடைபோட வேண்டும். விரைவுச்சாலையிலேயே அதிகபட்சம் 90 கி.மீ. வேகம். காலையில் தீவு விரைவுச்சாலையிலும் மத்திய விரைவுச்சாலையிலும் அதுகூடக் கிடைக்காது. ஆண்டு முழுக்கச் சூடு, ஈரப்பதம், கொட்டும் மழை. பனி இல்லை, அதனால் சாலையில் உப்பு தூவுவதும் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களில் குறுகலான வளைவும் சரிவும். கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழுக்குப் பத்து ஆண்டு ஆயுள்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். ஐரோப்பாவில் காரைக் கொல்வது துரு. இங்கே இரும்பு தாக்குப்பிடிக்கும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் பசையும்தான் முதலில் போகும். ஆகவே துருவைப் பற்றி ஐரோப்பாக்காரர்கள் சொல்லும் கிண்டலுக்கு இங்கே பாதி மதிப்பு கொடுங்கள். பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்வதற்கு இரண்டு மடங்கு மதிப்பு கொடுங்கள். எந்த ஐரோப்பியப் பழைய காரில் உட்கார்ந்தாலும் முதலில் தலையைத் தூக்கிக் கூரைத் துணியைப் பாருங்கள். பசை விட்டுத் தொங்கியிருந்தால் அந்தக் கார் ஆண்டுக்கணக்கில் வெட்டவெளியில் வெயில் தின்றிருக்கிறது. பானட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் குழாய்களும் அதே வெயிலைத்தான் தின்றிருக்கும்.

இன்னொன்று, நம் ஊருக்கென்றே ஒரு கார் குணம் உண்டு. 2014 முதல், சின்னக் கார்களுக்கான பிரிவு ஏ உரிமைச் சான்றிதழுக்கு என்ஜின் 1,600 சிசிக்குள் இருந்தால் மட்டும் போதாது, சக்தியும் 97 கிலோவாட்டுக்குள், அதாவது 130 குதிரைத்திறனுக்குள் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதனால் சில ஐரோப்பியக் கம்பெனிகள் அந்த எல்லைக்குள் அடக்கிய என்ஜினோடு இங்கே கார் விற்கின்றன. வெளியே பெரிய முகம், உள்ளே அளவான இதயம். இணையத்தில் ஜெர்மானியர் ஒருவர் அதே மாடலைப் புகழ்ந்து எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வராதீர்கள். அவர் ஓட்டியது வேறு என்ஜினாக இருக்கலாம்.

காரின் உண்மையான ஊர் எது

முன்னால் ஒட்டியிருக்கும் சின்னத்தை நம்பவேண்டாம். மினி என்றால் பிரிட்டன் என்போம். 2001-ல் வந்த புதிய மினி பிஎம்டபிள்யூவின் கார். வோல்வோ 2010 முதல் சீனாவின் ஜீலி கையில். ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் டாட்டா கையில். 2019-ல் வந்த டொயோட்டா ஜிஆர் சுப்ராவில் ஜப்பான் சின்னமும் பிஎம்டபிள்யூ என்ஜினும் இருக்கும், அதைப் பூட்டியது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில்.

அதனால் பதிவு விவரத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். பதினேழு எழுத்தும் எண்ணும் சேர்ந்து நீளமாக இருந்தால் முதல் எழுத்து ஊரைக் காட்டிக்கொடுக்கும். ஜே என்றால் ஜப்பான், டபிள்யூ ஜெர்மனி, இசட் இத்தாலி, கே கொரியா, எல் சீனா. எம் என்ற வரிசையில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் இந்தியாவும் வரும். இங்கே ஓடும் எத்தனையோ "ஜப்பான்" கார்கள் தாய்லாந்தில் பூட்டியவை. அதில் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் நம்மைப் போன்ற சூட்டிலும் மழையிலும் பழகிய கார்கள். எண் குட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்குச் செய்து, ஏஜெண்ட் இல்லாமல் வேறொருவர் இறக்குமதி செய்த கார்.

அப்படிப்பட்ட காருக்கு நம் ஆட்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. ரேடியோவைப் போட்டு நம் தமிழ் வானொலி ஒலி 96.8 வருகிறதா என்று பாருங்கள். ஜப்பானின் பண்பலை 76-ல் தொடங்கி 95-க்குள் முடிந்துவிடும். ஒலி வரவில்லை என்றால் ரேடியோ இன்னும் ஜப்பானிலேயே இருக்கிறது. திரையில் வரும் எச்சரிக்கையும் ஜப்பான் மொழியிலேயே வரும். என்ஜின் எண்ணெய் குறைந்துவிட்டது என்று கார் சொல்லும், உங்களுக்குப் புரியாது. ரேடியோவும் திரையும் மாற்றித் தருவாரா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

ஜெர்மன் கார்: சொன்னதைச் சொன்ன நாளில் செய்தாக வேண்டும்

"எல்லாம் துல்லியம், எல்லாம் விலை." இதுதான் கிண்டலின் சாரம். இதன் பிறப்பிடம் ஆட்டோபான். அங்கே பல பகுதிகளில் வேகக் கட்டுப்பாடே கிடையாது. 130 கி.மீ. என்பது 1978 முதல் வெறும் பரிந்துரை. அந்த நெடுஞ்சாலையில் ஒருவர் மணிக்கு 180-ல் ஒரு மணி நேரம் போவார், திடீரென்று லாரி குறுக்கே வந்தால் நிறுத்தவும் வேண்டும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் கூலிங்கும் அதற்காகச் செய்தவை. ஜெர்மன் காரின் முன்சக்கரம் எப்போதும் கரியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரேக் பேட் டிஸ்க்கைக் கடித்துப் பிடிக்கும் வகை, பேட் தேயும்போது டிஸ்க்கும் சேர்ந்து தேயும். எனவே வாங்கும்போது பேட்டை மட்டும் பார்க்காதீர்கள். டிஸ்க்கின் வெளி விளிம்பில் நகத்தை வைத்துப் பாருங்கள், நன்றாகப் படி தட்டினால் டிஸ்க்கும் மாற்ற வேண்டியதுதான். விலையில் அதைக் கழியுங்கள்.

கூலிங்தான் இங்கே பெரிய விஷயம். எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று சில ஜெர்மன் என்ஜின்களில், அவற்றை ஆற்றும் திரவமான கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டி ஓடும்படி தெர்மோஸ்டாட் வைத்திருக்கிறார்கள். அமுக்கத்தில் இருப்பதால் கொதிக்காது. வேகமாகப் போகும்போது காற்று வந்து எல்லாவற்றையும் ஆற்றும். நம் ஊரிலோ கார் வரிசையில் நிற்கிறது, ஏர்கான் ஓடுகிறது, காற்று தருவது விசிறி மட்டும்தான். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் தொட்டி, தெர்மோஸ்டாட் கூடு, தண்ணீர் பம்ப், குழாய் இணைப்புகள் எல்லாம் வறண்டு பிஸ்கட்டாக நொறுங்கும். கையால் தொட்டதும் உடைந்து வந்த இணைப்பை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

சோதிப்பது இப்படி. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். விற்பவர் "உங்களுக்காக ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறேன்" என்றால், நன்றி சொல்லிவிட்டு வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் கூலண்ட் அளவு கோட்டில் இருக்கிறதா, தொட்டியின் தையல் ஓரத்தில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிறுத்திய பின் பானட்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாசனை வந்தால் கூலண்ட் கசிகிறது. எரிந்த எண்ணெய் வாசனை வந்தால் வால்வு மூடியின் கேஸ்கெட் போயிருக்கலாம். சூடாக இருக்கும்போது தொட்டியின் மூடியை மட்டும் தொடவே கூடாது.

இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி உள்ள காரா? அப்படியானால் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்ப்பதில் பயனே இல்லை, அங்கே எல்லாமே வெண்ணெயாகத்தான் போகும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் ஊர்ந்து ஏறுங்கள், பாதியில் நிறுத்துங்கள், மறுபடி ஊருங்கள். உடம்பு குலுங்கினாலோ, தயங்கித் தயங்கிப் பிடித்தாலோ கிளட்ச் தேய்ந்திருக்கிறது. நம் ஊர்ப் போக்குவரத்துக்கு அந்தச் சரிவுதான் சரியான தேர்வுக்கூடம்.

பல்பு கிண்டல் உண்மைதான், எல்லா மாடலிலும் இல்லை. நெருக்கமாகப் பூட்டிய என்ஜின் அறையில் கை நுழையாது, சாதாரணத் திருப்பியும் ஒத்துவராது, நட்சத்திரத் தலை போல்ட்டுகள் எங்கும் இருக்கும். அதனால் உதிரிப்பாகத்தின் விலையை மட்டும் விசாரிக்காமல், அதை மாற்றக் கூலி எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் தனியாகக் கேளுங்கள். சில வேலைகளில் கூலி பாகத்தைவிட அதிகம். அப்புறம், எண்ணெய் மாற்ற நீண்ட இடைவெளி போட்டிருப்பார்கள். அது தொடர்ந்து நீண்ட தூரம் போகும் காருக்கு. தேக்காவுக்கும் ஈசூனுக்கும் இடையில் நின்று நின்று போகும் காருக்கு நான் 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்வேன். பழைய உரிமையாளர் அப்படிச் செய்தாரா என்று சர்வீஸ் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். தாள் இல்லாத ஜெர்மன் காரை நான் என் சொந்தக்காரர்களுக்குப் பரிந்துரைப்பதே இல்லை.

ஜப்பான் கார்: புகழே அதன் ஆபத்து

ஜப்பான் காரின் கிண்டல் இரண்டு: கெடாது, அலுப்பாக இருக்கும். ஒரு காலத்தில் 100 கி.மீ.யைத் தாண்டினால் கார் மணி அடிக்க வேண்டும் என்று அங்கே விதியே இருந்தது. சின்னக் கார்களுக்கென்று கேய் என்ற தனி வகை, 660 சிசி, 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். குறுகிய தெரு, நெருக்கமான வீடு, நின்று நின்று போகும் போக்குவரத்து. நம் ஊரின் நிலைமையும் அதுவே என்பதால்தான் ஜப்பான் கார் இங்கே பொருந்தியது. டொயோட்டாவில் தவறு கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், சரியாகாவிட்டால் தயாரிப்பு வரிசையே நிற்கும். அந்தப் பழக்கம்தான் "கெடாது" என்ற பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது.

ஆனால் "கெடாது" என்று நம்பிய உரிமையாளர் எதையும் மாற்றுவதில்லை. கியர் படிகள் இல்லாத சி.வி.டி. கியர்பெட்டியின் எண்ணெயை மாற்றினீர்களா என்று கேட்டால், "அது மாற்றணுமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எனவே ஜப்பான் காரில் காரைவிட முன்பு ஓட்டியவரைச் சோதியுங்கள். சி.வி.டி. எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ஓட்டும்போது 40 கி.மீ. வேகத்தில் மெதுவாக மிதித்து, ஊளைச் சத்தமோ நடுக்கமோ வருகிறதா என்று கவனியுங்கள்.

ஹைப்ரிட் என்றால் ஒரு கூடுதல் வேலை. பின் சீட்டின் பக்கத்திலோ அடியிலோ பேட்டரிக்குக் காற்று போகும் ஜன்னல் இருக்கும். என் மச்சான் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறான். நாள் முழுக்க ஆட்கள் ஏறி இறங்க, அந்த ஜன்னலில் தூசும் முடியும் போர்வையாக அடைத்திருந்தது. விசிறி கத்துகிறது என்று கொண்டுவந்தான், சுத்தம் செய்ததும் அடங்கியது. அப்படியே விட்டிருந்தால் பேட்டரி சூட்டில் சீக்கிரம் செத்திருக்கும். வாடகைக்கு ஓடிய ஹைப்ரிட் வாங்குகிறவர்கள் முதலில் அங்கே குனிந்து பாருங்கள்.

தகடு மெல்லிசு என்ற பேச்சும் உண்டு. எடையைக் குறைக்க அப்படிச் செய்கிறார்கள். கதவில் கார் பார்க் பள்ளங்கள் இருந்தால் கவலைப்படாதீர்கள். பானட்டுக்கு உள்ளே முன்பக்கச் சட்டத்தில் வெல்டிங் தடயம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பிரிட்டிஷ், பிரெஞ்சு, இத்தாலி: காதலோடு வாங்குகிறவர்களுக்கு

பழைய பிரிட்டிஷ் கார் தேடி வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். 35 ஆண்டு தாண்டிய கார்களுக்கு இங்கே கிளாசிக் திட்டம் இருக்கிறது, ஆசையோடு பராமரிக்கிறார்கள். எண்ணெய் சொட்டும் என்பதும், லூக்காஸ் கம்பெனியின் மின்சாரப் பாகங்களுக்கு "இருளின் இளவரசன்" என்று பேர் வைத்ததும் உலகமே சொல்லும் கிண்டல். அந்தக் கார்கள் பிறந்த விதத்தைப் பாருங்கள். 1940களின் இறுதி வரை பிரிட்டனில் சிலிண்டரின் விட்டத்தை வைத்து வரி போட்டார்கள், அதனால் ஒல்லியான, உயரமான சிலிண்டர்களோடு என்ஜின் செய்தார்கள். அந்த வகை என்ஜினை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். 1959-ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி, சூயஸ் நெருக்கடியின் பெட்ரோல் பஞ்சத்தில் பிறந்தது. இடம் மிச்சப்படுத்த என்ஜினைக் குறுக்கே படுக்கவைத்து, கியர்பெட்டியை எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். அதனால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லைப் பார்த்து நின்றது, மழைத்தண்ணீர் நேராக அதன்மேல். சிங்கப்பூர் மழையில் இதைவிடப் பெரிய சோதனை வேண்டுமா? பழைய மினி வாங்கினால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ரப்பர் உறை இருக்கிறதா என்று பாருங்கள். அதே எண்ணெய்தான் என்ஜினுக்கும் கியருக்கும், எனவே அடிக்கடி மாற்றுங்கள்.

பிரெஞ்சுக் காரின் ஹாரன் பல மாடல்களில் இண்டிகேட்டர் தண்டின் நுனியில் இருந்தது. கிண்டலுக்கு அதுதான் மூலம். பிரெஞ்சுப் பொறியாளர்கள் மற்றவர் செய்ததைப் பார்க்காமல் கேள்வியை முதலிலிருந்து யோசிப்பார்கள். சிட்ரோன் 2சிவிக்குக் கொடுத்த நிபந்தனை, உழுத வயலில் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுபோக வேண்டும் என்பது. 1948-ல் அதைச் செய்து காட்டினார்கள். ரெனோ 4-ல் இரண்டு பக்கத்துச் சக்கர இடைவெளியும் ஒன்றாக இருக்காது. பின் சக்கரங்களைத் தாங்கும் இரண்டு முறுக்குக் கம்பிகளும் குறுக்கே ஒன்றின்பின் ஒன்றாகப் படுத்திருந்ததால் ஒரு பக்கம் நீண்டது. யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, கார் நன்றாகவே ஓடியது. இந்தத் துணிச்சலை நான் மனதார மதிக்கிறேன். வாங்கும்போது மட்டும் ஒன்று: வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கி, மெத்தென்று இறங்குகிறதா, "டொக்" என்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பிரெஞ்சுக் காரின் சுகம் முழுக்க அந்த சஸ்பென்ஷனில்தான், அது போனால் வாங்கியதற்கே அர்த்தமில்லை. உதிரிப்பாகம் கையிருப்பு உள்ள ஒர்க்‌ஷாப்பை முதலில் கண்டுபிடித்துவிட்டு, பிறகு காரைத் தேடுங்கள்.

இத்தாலியில் 2,000 சிசிக்கு மேல் போனால் ஒரு காலத்தில் 38 சதவீத வரி. ஃபெராரிகூட உள்ளூருக்கென்று 2 லிட்டர் வி8 செய்தது. சின்ன என்ஜினில் பெரிய சக்தி வேண்டுமென்றால் வேகமாகச் சுற்ற வைக்க வேண்டும், அந்த என்ஜின்கள் சுற்றுவதை விரும்புகின்றன. இங்கே நான்கு வருடம் ஆர்ச்சர்ட் சாலையில் ஊர்ந்த இத்தாலிக் காரில் கரி படிந்திருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது விரைவுச்சாலைக்குள் நுழைகையில் சுற்றை ஏற்றிப் பாருங்கள், திணறக் கூடாது. டைமிங் பெல்ட் உள்ள காரானால் கி.மீ. குறைவாக ஓடியிருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பெல்ட் வயதாலும் போகும். ஐந்து ஆண்டு தாண்டி, மாற்றிய தாள் இல்லையென்றால் அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

மற்றவை

சுவீடன் காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே இருட்டில் காட்டுமான் குறுக்கே வரும், கூரைத் தூண் தாங்க வேண்டும். வோல்வோவின் நில்ஸ் போலின் 1959-ல் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தார், கம்பெனி அந்தக் காப்புரிமையை எல்லாருக்கும் திறந்துவிட்டது. இன்று உங்கள் மார்பில் குறுக்கே ஓடுவது அதுதான். குளிர்நாட்டுக் கார் என்பதால் ஏர்கானை மட்டும் நண்பகலில் சோதியுங்கள். சீட்டைச் சூடாக்கும் பட்டனுக்கு இங்கே வேலை இல்லை. அமெரிக்கக் கார் இங்கே அபூர்வம். நேர்கோட்டு நெடுஞ்சாலைக்கும் மலிவான பெட்ரோலுக்கும் பிறந்த உடம்பு நம் பலமாடி வளைவுகளில் திரும்பாது.

கொரியக் காரைக் "காப்பி" என்று கிண்டல் செய்தவர்கள் பாதியை மட்டும் பார்த்தார்கள். 1975-ல் வந்த ஹூண்டாய் போனியை வரைந்தவர் இத்தாலியின் ஜுஜாரோ, என்ஜின் மிட்சுபிஷி, திட்டத்தை நடத்தியவர் பிரிட்டிஷ்காரர் ஜார்ஜ் டர்ன்புல். கற்றுக்கொள்வதற்காக ஆட்களைக் கூட்டிவந்தார்கள். கற்றும் விட்டார்கள். 2023-ல் நம் ஜூரோங்கிலேயே ஹூண்டாய் ஆலை திறந்து மின்கார் செய்கிறது. மலேசியக் காரின் பவர் விண்டோ ஏறாது, இறங்காது என்ற கிண்டலும் எல்லாருக்கும் தெரியும். 1985-ன் புரோட்டோன் சாகாவுக்கு மிட்சுபிஷிதான் அடிப்படை, 1994-ன் பெரொடுவா கஞ்சிலுக்கு டைஹாட்சு. எந்தக் காராக இருந்தாலும் நான்கு ஜன்னலையும் முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

சீனக் காருக்கு இன்னும் கிண்டல் கெட்டிப்படவில்லை. பி.ஒய்.டி. 1995-ல் ஷென்சென்னில் பேட்டரிக் கம்பெனியாகத் தொடங்கியது. 2024-ல் சிங்கப்பூரில் மிக அதிகம் விற்ற கார் அதனுடையது. பேட்டரி செய்தவர்கள் கார் செய்தால் பேட்டரியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அதன் ஆரோக்கிய அறிக்கையும், உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதும் எழுத்தில் வேண்டும்.

போகும் நாள்

சரி, இத்தனையும் தெரிந்துகொண்டு பழைய கார்க் கடைகள் இருக்கும் காக்கி புக்கிட்டுக்கோ ஊபிக்கோ போகிறீர்கள். வாரநாள் காலையில், கடை திறக்கும் நேரத்தில் போங்கள், எல்லா என்ஜினும் குளிர்ந்திருக்கும். மழை பெய்தால் திரும்பி வராதீர்கள். கதவு ஓரத்திலும் பூட்டிலும் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஓட்டும் பாதையில் ஒரு விரைவுச்சாலை, ஒரு பலமாடிச் சரிவு, ஒரு சிக்னல் நெரிசல் மூன்றும் இருக்கட்டும். முடிந்ததும் என்ஜினை நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் தயங்கும் கார் அப்போதுதான் மாட்டும்.

பிடித்திருந்தால் விக்காம், எஸ்.டி.ஏ. போன்ற பரிசோதனை நிலையத்தில் காரை மதிப்பிட்டு அறிக்கை வாங்குங்கள். அங்கே கொண்டுபோகும்போது அந்த நாட்டுக் காரில் நீங்கள் சந்தேகப்படும் பாகத்தின் பெயரைச் சொல்லி, அதைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். பரிசோதனைக்குக் காரை விட மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்காமல் அடுத்த கடைக்கு நடங்கள்.